மூடுகாலத் தூண்டில்காரர்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் குளிர் இறங்கி, வீடுகளில் ஹீட்டரைப் போட்டதும் போன வருடத்துத் தூசு மணக்கிற அந்த வாரத்தில், ஒரு வகை மனிதர் திடீரென்று உற்சாகமாகிவிடுவார். மற்றவர்களெல்லாம் போர்வைக்குள் சுருண்டுகொள்ள இவர் மட்டும் நிமிர்ந்து நடப்பார். நேயர்களே, இவரை உங்களுக்குத் தெரியும். இவர்தான் மூடுகாலத் தூண்டில்காரர்.

நம்மூர் ஆறுகளில் பாஸ் என்றொரு மீன் இருக்கிறது. குளிர்காலத்தில் அது முட்டையிடுவதற்காக ஆற்றோடு இறங்கி உப்புத்தண்ணீர்ப் பக்கம் போகும். அதை அந்த மாதங்களில் ஆற்றில் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். இந்தச் சட்டம் மீனைக் காப்பாற்றத்தான் வந்தது என்று நினைக்கிறீர்களா? மீனும் தப்பிப் பிழைக்கிறது, உண்மைதான். ஆனால் வருடா வருடம் அது முழுதாகக் காப்பாற்றிக் கொடுப்பது நமது தூண்டில்காரரைத்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஆறு திறந்திருக்கும் மாதங்களில் இவரைப் பாருங்கள். செப்டெம்பரில் சீசன் திறக்கும்போது யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவில் கொடியேற்றத்துக்குத் தொடங்கிய சைவச் சாப்பாடு வீட்டில் இன்னும் முடிந்திருக்காது, மீனை நினைப்பதே பாவம். அது முடிய மழை வந்து ஆறு கலங்கிவிடும். கலங்கல் தெளிய வெயில் ஏறிவிடும். வெயில் தணிய வேலையிடத்தில் ஆள் குறைந்துவிடும். ஆள் வந்து சேர மாமியின் பிறந்தநாள் வந்துவிடும். இப்படியே ஏப்ரல் வரை மனிதர் படாத பாடு படுவார். பிறகு சீசன் மூடும். அப்பாடா. அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் இவருக்கு ஓய்வு. கராஜில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ரீலுக்கு எண்ணெய் விடுவார், பிளாஸ்டிக் இரைகளை நிறவாரியாக அடுக்குவார், யாராவது எட்டிப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

“சீசன் மட்டும் திறந்திருக்கோணும்,” என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டவர் தானாகவே பயந்துவிடுவார்.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வகையின் தலைசிறந்தவர் லிட்கம்மில் குடியிருக்கிற அருந்தவன். தூண்டில் போட்டிக்காரர்கள் போடுகிற, தோளிலும் முதுகிலும் கொம்பனிப் பெயர்கள் நிறைந்த முழுக்கைச் சட்டை ஒன்று அவரிடம் உண்டு. பொங்கல் விழாவுக்கும் அதோடுதான் வருவார். போட்டியில் பிடித்த மீனை அளவுகோல் போட்ட தட்டில் வைத்து அளந்து, படமெடுத்து, உயிரோடு திரும்பவும் தண்ணீரில் விடவேண்டும் என்று அவர்தான் எங்களுக்கெல்லாம் படிப்பித்தார். அவர் மனைவி கமலினிக்கு மட்டும் அது கடைசிவரை ஏறவில்லை. பிடித்ததை விடுவதென்றால் மீன் ஏன் மினக்கெட்டு மேலே வரவேண்டும், மனுசன் ஏன் மினக்கெட்டு அங்கே போகவேண்டும் என்று அவர் கேட்பார். அருந்தவனிடம் மீனோடு நிற்கிற படம் ஒன்றுமில்லை. ஆற்றோடு நிற்கிற படங்கள் நிறைய இருந்தன.

இதற்காக அவரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் வட்டத்தில் மூன்று பேர் டொக்டர், நான்கு பேர் என்ஜினியர், மிச்சப்பேர் ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர். அருந்தவனுக்கு அப்படியொரு பட்டமும் கிடையாது. பிள்ளைகள் அவரை ‘ஃபிஷிங் அங்கிள்’ என்று கூப்பிடுவார்கள். அதுதான் அவருடைய ஒரே சொத்து. அதையும் பறித்துவிட்டால் அவர் கமலினியின் புருசன் மட்டுமே.

போன ஜூனில் அவர் வீட்டில் ஒரு விருந்து. மனிதர் உச்சத்தில் இருந்தார். பாஸ் மீன் எப்படி இறங்கிப் போகிறது, அதிகாரிகள் எங்கே ஒளிந்திருந்து பிடிப்பார்கள், தன்னைப் போன்ற போட்டிக்காரர்கள் இந்த மாதங்களில் எப்படித் தவிக்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல எங்களுக்கே கண் கலங்கியது. அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ரவீன் என்று பெயர், மலேசியாக்காரர், ஏதோ தூண்டில் கழகத்தின் செயலாளராம். அவர் இரண்டாம் முறை புட்டுப் போட்டுக்கொண்டே, கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் வாயைத் திறந்தார்.

“அண்ணே, அந்த ரூல் ஆத்துக்குத்தானே? டேம்ல வருசம் முழுக்கப் பிடிக்கலாமே. டேம் மீன் கடலுக்குப் போக முடியாதுல்ல, கவர்மெண்ட்தான் குஞ்சு விடுறாங்க. வர்ற சனிக்கிழமை எங்க கிளப் போட்டியே இருக்கு. என் படகுல ஒரு இடமும் இருக்கு.”

அருந்தவனைப் பார்த்தேன். இத்தனை வருடமும் தான் சாய்ந்திருந்த சுவர் அட்டையால் செய்தது என்று தெரிந்த முகம். எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. அணைத் தண்ணீர் கடுங்குளிராக இருக்கும் என்று தொடங்கினார். மகள் சுஜீவா, “யூ ஷுட் கோ, டாட்,” என்றாள். அடுத்த சனிக்கிழமை ஏதோ வேலை இருப்பதாக ஞாபகம் என்றார். அதற்குள் குசினி வாசலில் நின்ற கமலினி முடித்துவிட்டார்.

“தம்பி, இவற்ற பேரைப் போடுங்கோ.”

போனார். வேறு என்ன செய்வது? காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லையாம். தூண்டிலை எறிகிற பேரில் இரண்டு முறை ரவீனின் தொப்பியைப் பிடித்தாராம். மத்தியானத்துக்குப் பிறகு தடி வளைந்தது. உண்மையான மீன். தட்டில் வைத்தால் முப்பத்தெட்டு சென்டிமீற்றர். மீனைத் தண்ணீரில் விடும்போது அருந்தவன் அதனிடம் இரண்டு தரம் நன்றி சொன்னதாக ரவீன் சொன்னார். போட்டியில் அவருக்குக் கடைசிக்கு முந்தின இடம். மனிதர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாராம்.

அடுத்த வாரம் ரவீனையும் சேர்த்து இன்னொரு வீட்டில் கூடினோம். எல்லோரும் காத்திருந்தோம். எப்படிப் போனது என்று கேட்டோம்.

“ஒண்டு பிடிச்சனான். அளந்துபோட்டு விட்டிட்டன்.”

படம் கைமாறியது. நல்ல மீன், வடிவான மீன் என்றார்கள். பிறகு வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேச்சுப் போய்விட்டது. அவ்வளவுதான். பிடிக்காத மீனுக்கு இரண்டு மணித்தியாலம் வாயைப் பிளந்து காது கொடுத்த சனம், பிடித்த மீனுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. பாவம், அவர்தான் என்ன செய்வார்? முன்பு கதையில் வந்த மீன்கள் ஒவ்வொரு விருந்துக்கும் இரண்டு அங்குலம் வளரும். இந்த மீன் படத்தில் அளவுகோலோடு படுத்திருக்கிறது, ஒரு நூல்கூட வளராது.

பாயாசம் வந்தபோது அருந்தவன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். பாஸ் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, மூளையுள்ள மீன் என்றால் அது மலையோடைகளில் இருக்கிற ட்ரவுட்தான் என்று தொடங்கினார். வட்டி பேசியவர்கள் திரும்பினார்கள். கதிரைகள் நெருங்கின. அந்த மீன் மனித நிழலைக் கண்டாலே மறைந்துவிடும் என்றும், அதைப் பிடிக்கத் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்றும் சொல்லி, பெருமூச்சு விட்டார்.

“என்ன செய்யிறது, ஓடையள் ஒக்டோபர் வரைக்கும் பூட்டியெல்லோ கிடக்கு.”

கமலினி ஒரு கணம் புருசனைப் பார்த்தார். பிறகு ரவீன் பக்கம் திரும்பி, “தம்பி, ட்ரவுட்டுக்கும் உப்பிடித் திறந்த டேம் இருக்கோ?” என்று கேட்டார்.

ரவீன் பாயாசக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். எதிரே அருந்தவனின் முகம். இருக்கிறது என்பது ரவீனுக்குத் தெரியும், தூண்டில் பிடிக்கிற யாருக்கும் தெரியும். கோப்பையைக் கீழே வைத்தார்.

“தெரியலையேக்கா,” என்றார்.

நல்ல பிள்ளை. இப்போது சிரிக்கிறீர்கள், நேயர்களே. நன்றாகச் சிரியுங்கள். மகளின் பள்ளிச் சோதனை முடியட்டும், வீணையைத் திரும்ப எடுக்கிறேன் என்கிறீர்களே, நீங்களும் சிரியுங்கள். குளிர் போகட்டும், ஓடத் தொடங்குகிறேன் என்கிறவரும், கடன் முடியட்டும், அந்த நாவலை எழுதுகிறேன் என்கிறவரும் சேர்ந்து சிரியுங்கள். எல்லாம் சரி, உங்கள் வீட்டு விருந்துக்கு அடுத்த முறை புதிதாக யாராவது வந்து இரண்டாம் முறை புட்டுப் போட்டுக்கொண்டால், அவர் வாயைத் திறக்குமுன் பேச்சை மாற்றிவிடுங்கள்.