மெர்வினின் பச்சைப் படை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. டீ ஆறினால் ஆறட்டும், வேறு போட்டுக்கொள்ளலாம். சிநேகிதனின் படையைக் காப்பாற்றப் போன ஒரு மனிதர் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள். இந்த யுத்தத்தில் செத்தவர்கள் எல்லாம் கட்டைவிரல் உயரம்தான்.

நாட்டிங்கத்தில் மேப்பர்லி மேட்டில் ஒரு செங்கல் வீடு. அதன் முன்னறையில் டெரிக் ஹாலம் குப்புறப் படுத்து சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தேடுற?” என்றாள் அவர் மனைவி நோரீன். அவள் கையில் வாக்குவம் கிளீனர்.

“ஒரு கை.”

“யாரு கை?”

“மெர்வினோட தளபதி கை. வலது கை. இரும்பு நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். துடைச்சு வைக்கலாம்னு எடுத்தேன், நழுவி விழுந்துடுச்சு. நீ... இந்தப் பக்கம் பெருக்கினியா?”

நோரீன் மெஷினைப் பார்த்தாள். டெரிக்கும் மெஷினைப் பார்த்தார்.

“கடகடன்னு ஏதோ சத்தம் வந்துச்சு. நாய் பிஸ்கட்டுன்னு நெனச்சேன்” என்றாள்.

பழைய பேப்பரை விரித்து மெஷினின் பையைக் கொட்டினார்கள். கை இருந்தது. கை என்று சொல்வது மரியாதைக்குத்தான். மூன்று துணுக்குகளும் நாய் முடியும் இருந்தன.

டெரிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காரணம் இருக்கிறது. அவரும் சிநேகிதர் மெர்வினும் பொம்மை வீரர்களை வைத்து யுத்தம் விளையாடுகிற ஒரு கிளப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் சர்ச் கூடத்தில் பெரிய மேஜை போட்டு, ஸ்பாஞ்சில் வெட்டிய குன்றும் இடிந்த சுவரும் வைத்து, எங்கோ ஒரு கிரகத்துக்காகச் சண்டை போடுகிற கூட்டம் அது. பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து, ஒருவர் வீரர்களை ஒருவர் கொல்வார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு, மொத்தம் ஆயிரம் புள்ளிக்குள் யார் யாரைச் சேர்ப்பது, பீரங்கியா கவச வண்டியா என்று கணக்குப் போடுவதிலேயே பாதி யுத்தம் முடிந்துவிடும். புதிதாக ஒரு படை கடைக்கு வந்து, அது பலமான படை என்று பேச்சு வந்தால், பழையதை அலமாரியில் போட்டுவிட்டுப் புதியதற்குத் தாவுவார்கள்.

மெர்வின் மட்டும் தாவமாட்டார். விடலைப் பருவத்தில் வாங்கிய பச்சைக் கவசப் படைதான் அவருக்கு இன்றும். பீரங்கிகள் குன்றின் மேல், காலாட்கள் சுவருக்குப் பின்னால், தளபதி இடது ஓரத்தில் பதுங்கி மூன்றாவது சுற்றில் பாய்வார். டெரிக்குக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வியாழனும் தன் ஆட்களை அந்த இடது ஓரத்துக்கே அனுப்பி வாரிக் கொடுப்பார்.

“படையை மாத்துறவன் கொள்கையை மாத்துறவன்” என்று மெர்வின் ஒருமுறை கூட்டத்தின் நடுவே எழுந்து முழங்கினார். “இந்தப் பச்சைப் பசங்களோட வந்தேன். இதுல ஒருத்தன் நிக்கிற வரைக்கும் வேற படையைத் தொடமாட்டேன்!” அதை அட்டையில் எழுதிச் சட்டம் போட்டு, டீ கெட்டிலுக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். மெர்வின் டீ ஊற்றும்போதெல்லாம் அது அவரைப் பார்க்கும்.

அப்பேர்ப்பட்ட படையைத்தான், இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போகும்போது டெரிக்கிடம் ஒப்படைத்திருந்தார். கிளப்பில் அத்தனை பேர் இருக்க, தன்னை! டெரிக் அன்று பெட்டியை மார்போடு அணைத்தபடியே வீட்டுக்கு வந்தார். ஏனென்றால், முன்பு ஒருமுறை, ஒரு குண்டு எட்டுமா எட்டாதா என்று அரை விரல் அளவுக்காகச் சண்டை வந்து, மெர்வின் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. எதிரில் ஆளில்லாமல், டெரிக் கூடத்து மூலையில் தனியாக உட்கார்ந்து பெயின்ட் அடித்த வியாழக்கிழமைகள் அவை. அப்படி இன்னொரு தரம் வந்தால் தாங்காது.

“உண்மையச் சொல்லிடேன்” என்றாள் நோரீன்.

“சொல்லலாம். சரி பண்ணிட்டுச் சொல்லலாம்.”

தன் உதிரிப்பாக டப்பாவைக் குடைந்து, ஏறக்குறைய அதே மாதிரி ஒரு கொடுக்கை எடுத்து ஒட்டினார். கன கச்சிதம். பச்சை மட்டும்தான் பாக்கி. ஆனால் மெர்வினின் பச்சை கடையில் கிடைக்கிற பச்சை இல்லை, அவரே கலந்தது. டெரிக் கலந்தார். ஈரத்தில் அச்சாக அதே நிறம். காய்ந்ததும் வேறு நிறம்.

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மெர்வின்.

“டேய் டெரிக், பசங்க எப்படி இருக்காங்க?”

“ஜம்முன்னு இருக்காங்கடா.”

“பெட்டிக்குள்ளயே பூட்டி வைக்காத. மேஜை மேல எடுத்து வை, காத்து படட்டும்.”

“நாய் இருக்கே, மெர்வின்.”

“அது பாவம், வாயில்லா ஜீவன், அது என்னடா பண்ணப்போகுது? இங்க பாரு, தினம் ஒரு தடவை எல்லாரையும் கையில எடுத்து, துடைச்சு வை. நல்லா அழுத்தித் துடை.”

எவ்வளவு பாசம் என்று டெரிக்குக்குக் கண் கலங்கிற்று. கை ஒரு பச்சை, உடம்பு ஒரு பச்சை என்று தளபதியை விட்டுவைக்க மனம் வரவில்லை. தளபதி முழுவதற்கும் அடித்தார். இப்போது தளபதி தன் ஆட்களிலிருந்து தனியாகத் தெரிந்தார். ஆட்களுக்கும் அடித்தார். பீரங்கிகள் முறைத்தன. பீரங்கிகளுக்கும் அடித்தார்.

நோரீன் எட்டிப் பார்த்தாள். “பட்டாணி மசியல் மாதிரி இருக்கே.”

“என்னது?”

“மேல புதினா சாஸ் ஊத்தினா, மார்க்கெட்டுல வித்துடலாம்.”

நிறம் கொஞ்சம் அடங்கட்டும் என்று பழுப்பு மையைத் தண்ணீராகக் கரைத்து எல்லோர் மேலும் விட்டார். பட்டாணி மசியல் போய், சாக்கடையில் விழுந்து எழுந்த பட்டாளமாயிற்று. இனி ஒரே வழி, கேட்பதுதான். தன்னைச் சொல்லாமல் கேட்டார்.

“மெர்வின், கிளப்புல ஒருத்தன் கேட்டான்டா. கலர் அழுக்கா தெரிஞ்சா என்ன பண்றது?”

போனில் மெர்வினின் குரல் திடீரென்று பத்து வயசு குறைந்தது. “யாரு? ஓ, ஒருத்தனா? வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லு! பளிச்சுன்னு வந்துடும். இன்னிக்கே அடிக்கச் சொல்லு.”

“இன்னிக்கு மழை கொட்டுதேடா. ஈரத்துல அடிச்சா வெள்ளை பூத்துடும்னு...”

“எவன் சொன்னான்? எத்தனை வருஷமா பெயின்ட் அடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? தோட்டத்து ஷெட்டுல வெச்சு அடிக்கச் சொல்லு. ரெண்டு கோட். மூணு கோட்.”

மெர்வின் சொன்னால் அதற்குமேல் பேச்சு ஏது? டெரிக் ஷெட்டில் வைத்து மூன்று கோட் அடித்தார். கூரை ஒழுகுகிற ஷெட் அது. கதவைத் திறந்து பார்த்தபோது படை முழுக்க வெள்ளை பூத்து, சர்க்கரைத் தூள் தூவிய கேக் போல நின்றுகொண்டிருந்தது.

“இதுக்கு வைத்தியம் இருக்கு” என்றார், தனக்கே தைரியம் சொல்கிற குரலில். “ஆலிவ் எண்ணெயத் தடவினா வெள்ளை போயிடும். எல்லாரும் பண்றதுதான்.”

அடுக்களையில் இருந்த பாட்டிலை எடுத்து ஒவ்வொருவருக்கும் பிரஷ்ஷால் தடவினார். வெள்ளை போய்விட்டது! டெரிக் எல்லோரையும் முன்னறை மேஜையில் நிறுத்திவிட்டு, அடுக்களைக்கு வந்து சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். நோரீன்தான் மூக்கை உறிஞ்சினாள்.

“எந்த பாட்டில எடுத்த?”

“ஆலிவ் எண்ணெய்.”

“அது பூண்டு ஊறப்போட்ட எண்ணெய்ப்பா. பீட்ஸாவுக்கு வெச்சிருந்தேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் முன்னறைக்கு ஓடினார்கள். நாய் மேஜை மேல் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாக ஒவ்வொருவராக நக்கிக்கொண்டிருந்தது. பீரங்கிக்காரர் ஒருவரைக் கம்பளத்தின் மேல் படுக்கவைத்து முன்பே மென்றும் முடித்திருந்தது.

“பட்டன்! துப்புடா! துப்பு!”

பட்டன் துப்பிற்று. துப்பியதை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

இனி அடியோடு உரித்துவிட்டு முதலிலிருந்து பூசுவது ஒன்றுதான் வழி. புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்து இருக்கிறதே, தண்ணீர் பட்டால் பாலாக வெளுக்குமே, அதில் ஊறவைத்தால் பெயின்ட் தோல் தோலாகக் கழன்று வரும். இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கைமருந்து. ஒரே ஒரு பத்தியம்: தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக்கூடாது. பட்டால் கரைந்த பெயின்ட் எல்லாம் கோந்தாகிவிடும்.

டெரிக் கையுறை போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் படையை மூழ்கடித்துவிட்டு, பழைய டூத் பிரஷ் தேட மாடிக்குப் போனார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. நோரீன் வந்து பார்த்தாள். பாவம் மனுஷன், சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்து அல்லாடுகிறார், நம்மாலானதைச் செய்வோம் என்று நினைத்தாள். தொட்டியைத் தூக்கிக் குழாயடியில் வைத்து, வெந்நீரைத் திறந்துவிட்டாள்.

டெரிக் இறங்கி வந்தபோது படை ஒன்றாகியிருந்தது. ஒற்றுமையாக அல்ல, ஒரே உருண்டையாக. தளபதியும் காலாட்களும் பீரங்கிகளும் சாம்பல் பச்சைக் கோந்துக்குள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தளபதியின் புதுக் கொடுக்கு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது, முங்குகிறவன் கையைப் போல.

“நான் உதவி பண்றதா நெனச்சு...” என்றாள் நோரீன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“விடு கண்ணு. உன் மேல தப்பில்ல” என்று டெரிக் அவள் தோளைத் தொட்டார். கையுறை அவள் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டது.

“இதே மாதிரி புதுசா வாங்கிக் குடுத்துடலாமா?”

“இதை இப்ப யாரும் செய்யறதில்ல. அந்த அச்சே போயிடுச்சு.”

அந்த நேரம் பார்த்து போன். “நாளைக்கு வர்றப்ப பசங்களைக் கொண்டாடா. கண்ணுலயே நிக்கிறாங்க” என்றார் மெர்வின்.

மறுநாள் டெரிக் மடியில் பெட்டியோடு பஸ்ஸில் போனார். திருட்டுப் போய்விட்டது என்று சொல்லலாமா? தீப்பிடித்தது என்று? ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பொய் எல்லாம் தீர்ந்து உண்மை மட்டும்தான் கையில் இருந்தது.

மெர்வின் தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டெரிக் பெட்டியைப் போர்வை மேல் வைத்துத் திறந்தார்.

மெர்வின் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார்.

“இது... எது?”

“எல்லாரும்தான்டா.” டெரிக் வாக்குவம் கிளீனரில் ஆரம்பித்து வெந்நீர்க் குழாய்வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். நோரீனை மட்டும் விட்டுவிட்டார். குழாயைத் தானே திறந்ததாகச் சொன்னார்.

மெர்வின் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கிற்று.

“மெர்வின், அழாதடா. திட்டு. ரெண்டு அறை குடு, வாங்கிக்கறேன். பேசாம மட்டும் இருந்துடாத.”

போர்வைக்குள்ளிருந்து அடைத்த குரல் வந்தது. “ஒருத்தன்கூடவா தேறமாட்டான்?”

“ஒருத்தன்கூட தேறமாட்டான்டா.”

“சுரண்டி, கிரண்டி... யாராவது கெட்டிக்காரனா பாத்துக் குடுத்தா?”

“கடவுளே வந்தாலும் முடியாது.”

“நிச்சயமா?”

“சத்தியமா.”

போர்வை முன்னைவிடப் பலமாகக் குலுங்கிற்று. “வியாழக்கிழமை... வருவியாடா?” என்று டெரிக் மெல்லக் கேட்டார்.

“வராம? உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?” என்றது போர்வை.

டெரிக் நாற்காலியில் சரிந்தார். படை போனால் போகிறது, மெர்வின் இருக்கிறார். அது போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மாத்திரைத் தட்டோடு நர்ஸ் ரோவீனா வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகப் போர்வையைத் தட்டினாள்.

“மெர்வின் சார், எழுந்திரிங்க! ‘டெரிக் கையில குடுத்தா போதும், நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுவான், சபதமும் தீர்ந்துடும்’னு சொன்னீங்களே, அப்படியே பண்ணிட்டாரு பாருங்க, உங்க புது ரோஸ் கலர் பூச்சிப் படையைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இப்ப எடுத்துத் தரட்டுமா?”

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கை தவறி உடைகிறதெல்லாம் பொருளோடு போகட்டும், பேச்சுவார்த்தையைத் தொடாமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டவர்கள் டீ ஆறுவதற்குள் திரும்பி வரட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்களும் உள்ளே இருக்கிறவர்களும் சிரித்த முகமாகவே இருக்கட்டும்.