ஏழு பொட்டு வைத்த விமானம்

கல்கத்தா, பவானிபூர்
பிரஜோற்பத்தி வருஷம், ஐப்பசி 7

மகாராஜராஜஸ்ரீ மாமா வெங்கடசுப்ரமணியன் அவர்களுக்கு, மாப்பிள்ளை ராஜாராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், மூக்கு மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

தங்கள் தந்தி கிடைத்தது. விமானம் விழுந்தது என் தப்பில்லை என்று பறக்கும் கிளப்பார் எழுதிக் கொடுத்தால்தான், கொலுவுக்கு வந்த பாகீரதியைத் திருப்பி அனுப்புவீர்களாம். தப்பு இருந்தால்தானே மாமா! நடந்ததைக் கேளுங்கள். கிளப் மிஸ்திரி ஹரிபதோ பூஜை லீவுக்கு ஊருக்குப் போகுமுன் விமானத்தை முழுக்கப் பார்த்து, பழுதுகள் எழுதும் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, “பாபு, இதைப் படிக்காம ஏறாதீங்க” என்றான். விடிந்தால் சரஸ்வதி பூஜை. அன்றைக்குப் புத்தகத்தைப் பிரிக்கிற குடும்பமா நம்முடையது? ராமாயணத்தோடு அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டேன். அப்புறம் விமானத்துக்கும் ஆயுத பூஜை போட வேண்டாமா? சந்தனக் கிண்ணத்தோடு போனால், அந்த ஹரிபதோ, வங்காளியானாலும் நம் வழக்கம் தெரிந்தவன், பொட்டு வைக்க வேண்டிய இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டே வைத்திருக்கிறான்! மொத்தம் ஏழு. இடது சக்கரத்தருகே மட்டும் மூன்று. ஏழிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தேன். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவனையா கவனக்குறைவு என்கிறார்கள்?

விஜயதசமி சாயங்காலம் நல்ல ஓரை பார்த்துக் கிளம்பினேன். மேலே ஜம்மென்று போயிற்று. இறங்கும்போது தரையைத் தொட்டேனோ இல்லையோ, இடது சக்கரம் கழன்று எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. நான் பின்னாலேயே வழுக்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு குளத்தில் பொத்தென்று விழுந்தேன். அங்கே துர்க்கையைக் கரைக்க வந்த கூட்டம் “போலோ துர்கா மாய் கி ஜெய்!” என்று என்னைக் கரையேற்றி, கட்டிக்கொண்டு, வாயில் சந்தேஷ் மிட்டாயைத் திணித்தது. “பூஜை முடிஞ்சு அம்மா ஒரு வருஷம் யானையில் ஊர் திரும்புவாள், ஒரு வருஷம் படகில் போவாள், ஏரோப்ளேனில் போறது இந்த வருஷந்தான்” என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐப்பசி இருபதில் கமிட்டி கூடுகிறது. பழுதுப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலும் பறப்பதையே விட்டுவிடுகிறேன் என்று மார்தட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் புத்தகம் இன்னும் பூஜையில். புனர்பூஜை பண்ணி எடுக்கிறது நம் வீட்டில் பாகீரதிதானே? செக்ரெட்டரி பாபுவும், “பூஜையில் இருக்கறதை நான் தொட மாட்டேன், உங்க சம்சாரம் வரட்டும்” என்கிறார். ஆகையால் அவளை இன்றைக்கே மெயிலில் ஏற்றுங்கள். பதினைந்து நாளாக நான் பொங்கின சோற்றை நானே தின்கிறேன் மாமா. அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

மாமிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. தங்கள் ஆசீர்வாதத்தால் மேலே போய்க் கீழேயும் வந்து சேர்ந்த மாப்பிள்ளை,
ராஜாராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மனசு கேட்கவில்லை. சரஸ்வதியிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு புத்தகத்தை ஓரமாகப் பிரித்துப் பார்த்தேன். “வட்டம் போட்ட ஏழு இடமும் பழுது. பறக்கவே கூடாது” என்று எழுதியிருக்கிறது. திரும்ப ராமாயணத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். பாகீரதிக்கு அவசரமில்லை மாமா. பாவம், பிறந்த வீட்டில் பொங்கல் வரைக்கும் இருந்துவிட்டு வரட்டும். சோறு பொங்க எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது.