சம்பந்திக்கு ஸ்டென்ட், எனக்கு வெறும் மாத்திரையா?

வலங்கைமான்

வேதாரண்யம் சம்பந்தி தியாகராசன் அவர்கள் சமூகத்துக்கு, பஞ்சநதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், சாவித்திரி, மாடு கன்று எல்லோரும் சௌக்கியம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டில் வாழும் என் மகள் மலர்க்கொடியும், முக்கியமாகத் தங்கள் நெஞ்சிலிருக்கும் ஸ்டென்ட்டும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

பேரன் காதுகுத்தில் தாங்கள் பந்தி பந்தியாகப் போய், மணிக்கட்டில் கொசு கடித்த மாதிரி இருந்த புள்ளியைக் காட்டி, "இது வழியாத்தான் உள்ள விட்டாங்க" என்று சொன்னதில், வந்த ஜனம் பிள்ளையின் காதையே பார்க்கவில்லை. கூடவே, "நம்ம சம்பந்திக்கு மூளையிலயே அடைப்பாம், ஆனா வெறும் மாத்திரைதானாம்" என்று என் மானத்தையும் இலையில் பரிமாறினீர்களே, அதற்கு நன்றி. போன மாதம் மடை திறக்கப் போனபோது வலது கை துவண்டு மண்வெட்டி நழுவி, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டது. தஞ்சாவூர் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒரு ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். "அப்ப ஸ்டென்ட் வைங்கம்மா" என்றேன். "அது ரொம்ப மெல்லிசான குழாய்ங்க. முதல்ல மாத்திரை. உப்பைக் குறைங்க, புகையிலையை விடுங்க. அதுக்கும் கேக்கலைன்னா ஸ்டென்ட் பத்திப் பேசலாம்" என்றார். "எங்க சம்பந்திக்கு உடனே வச்சாங்களே?" "அவருக்கு இதயம்ங்க." பாருங்கள், அங்கேயும் தங்களுக்குத்தான் முதல் மரியாதை.

ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக நலம் விசாரிக்க வருகிறவர்கள், மாத்திரை என்று கேட்டதும் முகம் வாடிப்போகிறார்கள். பக்கத்து வயல் தங்கையன், "எங்க ஆட்டுக்குக்கூட மாத்திரைதான் குடுத்தாங்க" என்று ஆறுதல் சொன்னான். உப்பு ஆகாது என்று தெரிந்ததும் தாங்கள் ஒரு மூட்டை கல்லுப்பும் கருவாடும் அனுப்பிவைத்த பாசத்தை என்னவென்று சொல்ல! எனக்கும் ரோஷம் உண்டுங்க. மாத்திரையை நிறுத்திவிட்டேன். சாவித்திரி கத்துகிறாள். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். தங்கள் ஸ்டென்ட்டுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பின்குறிப்பு: இனி எழுதுவது சாவித்திரி, சொல்வது நான். இதை உறையில் போடும்போதே கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். நாளைக் காலையில் ஸ்டென்ட். வைத்த பிறகும் அதே மாத்திரையை விடாமல் சாப்பிடணுமாம். கடிதத்தைப் போட்டோ பிடித்து மலர்க்கொடி போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கு, சம்பந்தி. அந்த ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்து வந்தவர் எனக்குத் தெரிந்து நீங்க ஒருத்தர்தான். கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வந்துடுங்க. உள்ளே கொண்டுபோகிற வரைக்கும் பக்கத்தில் இருங்க.