போர்மன் அண்ணன் தொட்ட வண்டி

உலகத்தில் இரண்டே வகை வண்டிகள்தான் உண்டு. ஒன்று, ஓடும் வண்டி. மற்றது, போர்மன் அண்ணன் தொட்ட வண்டி. என்னுடையது இரண்டாவது வகை.

எங்கள் பக்கம் வண்டி பழுது பார்ப்பவரைப் போர்மன் என்போம், பட்டறையைப் பெங்கெல் என்போம். அண்ணனோ எந்தப் பட்டறையிலும் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. எஸ்டேட் எண்ணெய் ஆலையில் லோரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். முப்பது வருடம் லோரிக்குப் பக்கத்தில் நின்றதில் என்ஜின் அத்துப்படியாகிவிட்டது என்பது அவர் வாதம். ஆஸ்பத்திரி வாசலில் முப்பது வருடம் பூ விற்றவரிடம் யாராவது ஆபரேஷனுக்குப் படுப்பார்களா? நான் படுத்தேன்.

வேறு வழியில்லை. கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் தோட்டத்து வாழை இலையைக் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நானேதான் பிக்கப்பில் கொண்டு போகிறேன். வண்டி என்னைவிட மூத்தது. கடல் காற்று தின்றது போக மிச்சம். இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதற்கு ஒரு வியாதி வந்தது. கிளம்பும், பத்து நிமிடம் ஓடும், விக்கி விக்கி நிற்கும். அரை மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். அதற்குள் இலை சுருண்டிருக்கும்.

"இன்னொரு தடவ பன்னெண்டு மணிக்கு மேல எல வந்துச்சுன்னா, நான் தட்டுக்கு மாறிடுறேம்மா" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். அந்த ஒரு கடையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் போர்மன் அண்ணன், கூப்பிடாமலே வந்து நின்றார். கையில் பழைய பிஸ்கட் டின், அதற்குள் ஸ்பானர்கள்.

"பெங்கெலுக்குக் கொண்டு போறேண்ணே" என்றேன்.

"பெங்கெலுக்கா? அவன் நல்லா இருக்கறதையும் கழட்டிப் போட்டுருவான் தங்கச்சி. அதான் நான் இருக்கேன்ல லா!"

சொல்லிவிட்டு, நன்றாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரை என் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிரஷ்ஷை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு ஆறு ஸ்க்ரூ மிஞ்சியது.

"இது என்னண்ணே?"

"கம்பெனிக்காரன் அதிகமா போட்டது. வெயிட்டு கொறைஞ்சா பெட்ரோல் மிச்சம்."

ஓட்டிப் பார்த்தோம். சரியாகப் பத்து நிமிடத்தில் நின்றது. அண்ணன் முகத்தில் ஒரு சின்ன வாட்டம்கூட இல்லை.

"பத்து நிமிஷம் ஓடுச்சுல்ல? அப்போ நான் பண்ண ரிப்பேரு சரிதான். பதினோராவது நிமிஷத்துல வர்றது வேற ரிப்பேரு."

என்ஜின் அடங்காததால் கோபத்தைத் துருவின் மேல் திருப்பினார். என் காலடியில் தகரம் இற்று ரோடு தெரிந்தது. கல்யாண மண்டபம் ஒன்று கழற்றிப் போட்ட பலகையை அறுத்து அங்கே அடித்தார். இப்போது வண்டியில் ஏறும்போதெல்லாம் 'வருக வருக' என்பதன் மேல் மிதித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். வருவது இருக்கட்டும், போக வேண்டுமே!

வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்பானரைத் தொடமாட்டார். என் கணவர் போனதிலிருந்தே அன்று காலையில் குளித்து, விபூதி பூசி, கிண்ணமும் கையுமாக வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார். அவர் செய்யும் வைத்தியங்களிலேயே அதுதான் ஆபத்தில்லாதது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, கடையில் பெரிய விருந்து. ஜெரம் ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மணி பத்தரை. பின்னால் இலைக்கட்டு, தலைக்கு மேல் வெயில், முன்னும் பின்னும் செம்பனைத் தோட்டம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பெட்ரோலாவது இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்" என்று நீளமாக மூச்சை இழுத்தது. சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பியது!

மூடியை உற்றுப் பார்த்தேன். நடுவில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை இருக்க வேண்டும். அந்த இடத்தில் சந்தனம். அதன் மேல் குங்குமம். அதன் மேல் மறுபடி சந்தனம். வாரா வாரம் வைத்து வைத்துச் சட்டைப் பொத்தான் கனத்துக்குக் காய்ந்திருந்தது. காற்றுப் புகாத டாங்கியிலிருந்து பெட்ரோல் எப்படி வரும்? கொண்டை ஊசியால் குத்திச் சுரண்டினேன். அதன் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பதினொன்றரைக்கு இலை கடையில் இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவரை எப்படித் திட்டுவது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். ஒன்றரை மாதம்! ஆறு ஸ்க்ரூ! ஒரு பிரஷ்! நேராக அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, மூடியும் கையுமாக இறங்கினேன்.

"யாருண்ணே இதுல பொட்டு வெச்சது?"

"நாந்தான். அதானே வண்டிக்கு வாயி" என்றார் பெருமையாக.

நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். அண்ணன் மூடியை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, அந்த ஓட்டை வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒன் வீட்டுக்காரரு சிங்கப்பூர் போனதுலேருந்து நீ தனியா ஓட்டுற. நடு ரோட்ல எங்கயும் நின்னுறக் கூடாது, பத்திரமா வீடு வந்து சேரணும்னு சொல்லித்தாம்மா வாரா வாரம் வெச்சேன்."

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"இனிமே முன்னாடி பானட்டுல வைங்கண்ணே" என்றேன். "கொஞ்சம் பெருசாவே வைங்க."