என் மணிக்கட்டும் மைக்செட் அண்ணனும்

மைக்செட் அண்ணன் குடிவந்த நாளோடு ஓசூரில் எங்கள் தெருவில் ரகசியம் என்ற சாமானே ஒழிந்துபோயிற்று. புருஷன் பெண்டாட்டி சண்டை, கம்பெனியில் வாங்கிய மெமோ, மூலவியாதி, எல்லாம் பொதுச்சொத்து.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக இரும்புத் தகடு அடித்தவர். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. அவர் கிசுகிசுத்தால் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தமிழில் சொன்னது போதாதென்று தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்னொரு சுற்று சொல்வார்.

இந்த மனுஷனை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போன வருஷம் யானை நடமாடும் சானமாவு காட்டு வழியாக வந்தேன் பாருங்கள், என் கெட்ட நேரம். அவசரத்துக்கு ஒதுங்கலாமென்று ஓரமாக நிறுத்தினேன். பின்னால் புதர் சலசலத்தது. யானைதான் என்று தலைதெறிக்க ஓடிப் பள்ளத்தில் விழுந்தேன். வலது மணிக்கட்டு போச்சு. புதரிலிருந்து அசைபோட்டபடி வந்தது ஓர் எருமை.

"அண்ணே, வண்டி சறுக்கிருச்சுன்னுதான் வீட்ல சொல்லப்போறேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், காட்டிக்குடுத்துராதீங்க."

"சேச்சே, நான் என்னாத்துக்கு தம்பி சொல்லப்போறேன்?"

மறுநாள் காலையில் பால்காரர் கேட்டார்: "எருமை நல்லா இருக்குதா சார்?"

கட்டுப் போட்ட டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பிளேட் வெக்கணும். தள்ளிப்போட்டா கோணலாக் கூடிரும்" என்றார். நான் மிஷின் ஓட்டுகிறவன். கை கோணினால் வேலை போச்சு. கையிருப்பென்று இருந்தது அரசுக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான். ஆக, கார்டு எடுக்கிற எலும்பு டாக்டர் வேண்டும். எலும்பு டாக்டருக்கா பஞ்சம்? கார்டை நீட்டியதும்தான் எல்லாரும் வேறு எங்கேயோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஓர் ஆஸ்பத்திரியில் 'காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்' என்று ஆளுயர போர்டு. ரிசப்ஷனில் இருந்த பெண், "அது கிட்னிக்கு சார், எலும்புக்கு இல்ல" என்றாள். கிட்னியையா உடைத்துக்கொண்டு வர முடியும்? இன்னோர் இடத்தில், "கார்டு பாக்குற டாக்டர் வேலைய விட்டுட்டாரு. இருக்குற டாக்டர் கார்டு பாக்க மாட்டாரு." பெங்களூர்க்காரன் கைராசிக்காரன் என்று யாரோ சொல்ல, அத்திப்பள்ளியில் மாநில எல்லை தாண்டியும் போனோம். "ஈ கார்ட் இல்லி நடெயல்ல சார்" என்று, கார்டு அங்கே செல்லாதென்பதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

இவ்வளவு அலைச்சலிலும் மைக்செட் அண்ணன் கூடவே வந்தார். வந்தவர் சும்மா வந்தாரா? போன இடத்திலெல்லாம் நடுக்கூடத்தில் நின்று, "எருமையப் பாத்து ஓடுனது இவருதாங்க!" என்று ஆரம்பிப்பார். கால் உடைந்தவன், இடுப்பு போனவன் எல்லாரும் வலியை மறந்து சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"அண்ணே, கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"

"நாலு பேர்கிட்ட சொன்னாத்தானே தம்பி வழி பொறக்கும்?"

கிருஷ்ணகிரி பஸ்ஸிலும் எழுந்து நின்று என் சரித்திரத்தை வாசித்தார். ஒருவர் எண்ணெய்க் கட்டுப் போடச் சொன்னார். ஒருவர், எருமை சினையா என்று விசாரித்தார். ஜன்னலோரம் மாங்காய்க் கூடையோடு இருந்த அம்மா மட்டும், "எம் மருமவனுக்குக் கார்டுலதான் கை ஆபரேசன் ஆச்சு. கிருஷ்ணகிரி மாங்கா மண்டிக்குப் பின்னால சின்ன ஆஸ்பத்திரி. போர்டு கீர்டு ஒண்ணும் இருக்காது" என்றார்.

போனோம். டாக்டர் கார்டைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், "அப்ரூவல் வந்ததும் பண்ணிரலாம்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேவிட்டேன். பிளேட் வைத்தார்கள். கை நேராகக் கூடியது.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாசலில் இருந்து நடந்து வந்த மைக்செட் அண்ணனைக் கவனித்தார்.

"உங்க முட்டி எத்தனை வருஷமா இப்படி?"

மைக்செட் அண்ணன் வேட்டியை இழுத்து முட்டியை மூடினார். டாக்டர் முட்டியை லேசாக அழுத்தினார். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தேஞ்சுபோச்சு. இதையும் கார்டுலயே மாத்திரலாம். விட்டீங்கன்னா நடக்க முடியாமப் போயிரும்."

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஊர்ல உள்ளவன் மூலவியாதியெல்லாம் சொல்றீங்க, இதை ஏண்ணே சொல்லலை?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "கத்தின்னா பயம் தம்பி."

அதிலிருந்து சாக்குதான். மாங்காய் சீசன் முடியட்டும் என்றார். பேத்தி காதுகுத்து முடியட்டும் என்றார். இப்போது ஆடி மாசமாம். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுகிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அவருடைய மனைவியிடம் சொன்னேன், மகனிடம் சொன்னேன், பால்காரரிடமும் சொன்னேன். மனுஷன் அசையவில்லை. அதனால்தான் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். ஓசூர் பக்கம் பஸ்ஸில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி ஒருவர் ஏறினால், தயவுசெய்து நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். மானத்தை வாங்கிவிட்டாய் என்று என்மேல் கோபம் வரும். வரட்டும். முட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நல்லபடியாக நடந்து வந்து, தெருவே கேட்க என்னைத் திட்டட்டும்.