வலிக்காத காலில் பயிற்சி செய்பவர்

நோயாளிகளில் பல ரகம் உண்டு. ஊசியைக் கண்டால் மயங்குபவர், மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பவர், பக்கத்துப் படுக்கைக்காரரின் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர் எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களை விடுங்கள். பிசியோதெரபி நிலையத்தில் மட்டுமே விளையும் ஓர் இனம் இருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘தினமும் பண்றேன்’ இனம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஜாவாத் தீவில், எங்கள் சோலோ நகரத்து நிலையத்தில், பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு, வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை மட்டும் வேகவேகமாக நீட்டி மடக்கிக்கொண்டிருப்பவர் அவர்தான். வாரம் முழுவதும் செய்ய வேண்டியதைப் பரீட்சை வாசலில் செய்து முடிக்கிறார். என் வலது தோள் இறுகிப்போய் நானும் அங்கே நடையாய் நடந்த காலத்தில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். பெயர் ஹர்ஜிதோ. எங்கள் சந்துக்காரர், மெழுகுச் சாயம் போட்ட பத்திக் துணி வியாபாரி. பூப்பந்து மைதானத்தில் எகிறி விழுந்து இடது முட்டியின் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் மாத சுதந்திர தினத்தன்று எங்கள் சந்துக்கும் பக்கத்துச் சந்துக்கும் நடக்கும் பூப்பந்துப் போட்டியில், மீசை முளைத்த நாள் முதல் தன்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் சுமர்வானுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். முட்டி மடங்குகிறதா, தொழுகையில் உட்கார முடிகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

“முட்டியைத் தாங்கறது தொடைச் சதைதான் பாக்” என்று பிசியோதெரபிஸ்ட் ரெத்னோ அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். “அறுத்துத் தைச்சது டாக்டர் வேலை. சதையைத் திரும்பக் கொண்டு வர்றது உங்க வேலை. இந்தப் பச்சை ரப்பர் பட்டையைக் கணுக்கால்ல மாட்டி, இழுத்து நீட்டுங்க. வலிக்கும். கொஞ்சம் வலிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். செய்வீங்களா?”

“செய்வேன் இபு” என்றார் ஹர்ஜிதோ. எங்கள் ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா, ‘இபு’ என்றால் அம்மா.

இங்கேதான் எங்கள் ஜாவாக்காரர்களின் பெரிய குணம் குறுக்கே வருகிறது. எங்களுக்கு ‘இல்லை’ சொல்ல வராது. கேட்பவர் முகம் வாடிவிடுமே என்ற பயம். கல்யாணத்துக்கு வருவீர்களா என்றால் வருவோம் என்போம், போகமாட்டோம். ஒவ்வொரு வாரமும் ரெத்னோ “வீட்ல பண்ணீங்களா?” என்று கேட்பார். “தினமும் பண்றேன் இபு” என்பார் ஹர்ஜிதோ, ரெத்னோவின் மனம் நோகக்கூடாதே என்று. ரெத்னோவும் ஜாவாப் பெண்தானே? “பொய் சொல்றீங்க” என்று பெரியவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்? “ரொம்ப நல்லது பாக்” என்பார். இரண்டு பண்பாளர்கள் ஒருவரை ஒருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் கிடந்த முட்டிதான் நொந்துபோனது.

போதாததற்கு, யாருக்கும் தெரியாமல் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போய்க் காலைக் கொடுத்து, அந்த ஆள் துணி பிழிகிற மாதிரி பிழிந்துவிட, மறுநாள் பலாக்காய் முட்டியோடு வந்து நின்றார்.

“என்ன பாக், இப்படி வீங்கியிருக்கு?”

“உடம்புக்குள்ள காத்து பூந்துருச்சு இபு.”

எங்கள் ஊரில் காதுவலி முதல் கடன் தொல்லை வரை எல்லாவற்றுக்கும் காற்றுதான் பொறுப்பு.

கடைசியில் ரெத்னோ அளவு நாடாவை எடுத்தார். நாடாவுக்கு மரியாதை கிடையாது. ஹர்ஜிதோவின் இரண்டு தொடைகளையும் அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அளந்தார். இடது தொடை சவலைப் பிள்ளை போல இளைத்திருந்தது. வலது தொடை, எந்தக் குறையும் இல்லாத வலது தொடை, பயில்வான் தொடையாக ஊதியிருந்தது.

“பாக், வீட்ல எப்படிப் பண்றீங்கன்னு காட்டுங்களேன்.”

ஹர்ஜிதோ பட்டையை மாட்டினார். காலை நீட்டினார். அழகாக, ஆடாமல், நேராக நீட்டினார். வலது காலை.

என் தோளை அசைத்துக்கொண்டிருந்த உதவியாளர்கூட அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“பாக்... ஆபரேஷன் பண்ணது எந்தக் கால்ல?”

“இடது.”

“அப்புறம் ஏன் இதுல?”

“இதுலதான் நல்லா வருது இபு. அதுல வலிக்குதே!”

கூட வந்திருந்த மனைவி சுலாஸ்த்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தினமும் பண்றது நெசந்தான் இபு, ஆனா இந்தக் கால்ல. நான் அன்னிக்கே சொன்னேன். ‘இந்தக் காலையும் பழக்கி வெச்சா அந்தக் காலுக்குத் தைரியம் வரும்’னாரு. கடை கணக்குலயும் இதே கதைதான்.”

ரெத்னோ சிரிக்கவில்லை. “சரி. இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். இபு சுலாஸ்த்ரிகிட்ட கேக்கறேன்” என்றார். நல்ல யோசனை. எந்தப் பண்பாட்டிலும் மனைவிமார்கள் கணவன் முகம் வாடுமே என்று பயந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதன்பின் மனிதர் உண்மையாகவே உழைத்தார். இடது காலில். எங்கள் சந்தே அவர் முனகலைக் கேட்டது. பட்டையைத் திட்டினார், ரெத்னோவைத் திட்டினார், பூப்பந்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். சதை மெல்லத் திரும்பி வந்தது. ஒரு நாள் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடாமல் இறங்கி வந்தார். கீழே வந்த பிறகுதான் அதை உணர்ந்து மறுபடி மேலே ஏறிப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்புறம் வலி நின்றது.

அங்கேதான் ஐயா ஆபத்து! வலி இருக்கும்வரை இந்த இனம் பாதி மனிதன். வலி போய்விட்டால் முழு டாக்டர். பயிற்சியை நிறுத்தினார். நிலையத்துக்கு வருவதை நிறுத்தினார். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து என் தோளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் வந்தது. சந்தில் தேசியக் கொடி நிறத்தில் சிவப்பு வெள்ளைத் தோரணம், கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கடிக்கும் போட்டி, ஒலிபெருக்கியில் காது கிழியும் பாட்டு. ஹர்ஜிதோ புதுச் சட்டையில் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தான் ஆடுவதைப் பார்க்க ரெத்னோவையும் அவரே பெருமையாக அழைத்திருந்தார். ரெத்னோ வந்தார், தேநீர் வாங்கிக்கொண்டார், ஆடுகளத்தைப் பார்த்தார். வலையின் ஒரு முனை கம்பத்திலும் மறுமுனை மாமரத்திலும் கட்டியிருந்தது. மாமரத்தில் அதைக் கட்டியிருந்தது, ரெத்னோ கொடுத்த அதே பச்சைப் பட்டை.

“நெட் ரொம்ப உறுதியா நிக்குது பாக்” என்றார் ரெத்னோ மெல்ல.

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரையும் திட்ட முடியாது. ஹர்ஜிதோவின் கையில் மட்டை தாழ்ந்தது.

“ஆடறதுக்கு முன்னாடி இடது கால்ல மட்டும் கொஞ்சம் நில்லுங்க பாக். லேசா மடக்கி.”

நின்றார். முட்டி உள்பக்கம் வளைந்து வெடவெடத்தது. பக்கத்தில் இருந்த தோளை எட்டிப் பிடித்தார். சுமர்வானின் தோள். பக்கத்துச் சந்துக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“விடு ஜித்” என்றார் சுமர்வான். “இந்த வருஷம் நான் வேற யாரையாவது வெச்சுத் தோத்துக்கறேன். அடுத்த வருஷம் நாம சேர்ந்து தோப்போம்.”

ஹர்ஜிதோ நேரே மாமரத்துக்குப் போனார். பட்டையை அவிழ்த்தார். வலை தொப்பென்று விழுந்தது. கூட்டம் “ஏய், ஏய்!” என்று கத்த, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் பட்டையை இடது கணுக்காலில் மாட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நீட்ட ஆரம்பித்தார். சுலாஸ்த்ரி தன் சால்வையைக் கொடுத்து வலையைக் கட்டச் சொன்னார். ஆட்டம் நடந்தது. சுமர்வான் சொன்னபடி தோற்றார். நாற்காலி கடைசிவரை கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

சிரித்தீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் என்றோ ஒருநாள் இடுப்போ கழுத்தோ பிடித்து, யாரோ ஒரு ரெத்னோ ஒரு பட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாரே, அது இப்போது எங்கே? பரண் பெட்டியைக் கட்டியிருக்கிறதா, குளியலறைக் குழாயைச் சுற்றியிருக்கிறதா? போய் அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். வலிக்கிற பக்கம் எது என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.