கட்டிலுக்கு அடியில் கரியமிலவாயு

அனல் மின்நிலையத்து மதிலுக்கு வெளியே இருந்த மைதானத்தில் அன்று கால் வைக்க இடமில்லை. பொழுது விடிந்ததுமே சனம் பானையும் கையுமாக வந்து வரிசை கட்டிவிட்டது. தண்ணீருக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்கு நின்றிருந்தால் திரும்பும்போது பானையில் ஏதாவது இருந்திருக்கும். இவர்கள் நின்றது புகைக்கு!

ஆமாம் ஐயா, புகைக்குத்தான். புகைக்கட்டி ஐயா என்று ஒருவர் வந்திருந்தார். பேயைக் கட்டுகிறவர், வாயைக் கட்டுகிறவர் எல்லாம் பழைய சரக்கு. இவர் புகையைக் கட்டுகிறவர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் கரித்துண்டுகளைக் கோத்த மாலை. படித்தவனுக்கு ஹெல்மெட், பயந்தவனுக்கு மாலை. எந்தப் பக்கத்து ஆளையும் விட்டுவைக்கக் கூடாதல்லவா?

அவர் வந்த நேரம் அப்படி. நிலக்கரியை எரிக்கும் நிலையங்களில், புகையிலிருந்து கரியமிலவாயுவைத் தனியே பிரித்து, அமுக்கி, பூமிக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் பாறைக்குள் செலுத்திப் பூட்டிவைக்கலாம் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். ஊர்ச்சனம் அந்தச் செய்தியில் பாதியைப் படித்தது. மீதிப் பாதியை ஐயா சொல்லிக்கொடுத்தார்.

"அவங்க பாறைக்குள்ள அடைக்கிறாங்க, நான் பானைக்குள்ள அடைக்கிறேன். அவங்களுக்கு மலை மாதிரி மெஷின் வேணும். எனக்கு ஒரு மூடி போதும்!"

கைதட்டல் மின்நிலையத்துக்குள்ளேயே கேட்டது. கேட்டு, நிர்வாகத்துக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. துணி காயப்போட்டால் கரி படிகிறது, புகைக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று வருஷக்கணக்காக வாசலில் வந்து கத்திக்கொண்டிருந்த கூட்டம், இப்போது பானை வாங்கப் போய்விட்டதே! மைதானத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். மேடையும் போட்டுக் கொடுத்தார்கள்.

முறை ரொம்பச் சுலபம். ஐயா பானையின் வாயை மெழுகு வைத்து மூடித் தருவார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். வீட்டுப் புகையை அது தானே இழுத்துக்கொள்ளும். நிறைந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டும். நிறைந்ததா என்று எப்படித் தெரியும்? ஐயா தட்டிப் பார்த்துச் சொல்வார். இதுவரை எந்தப் பானையும் நிறையாமல் இருந்ததில்லை. பத்தியம் இரண்டு. பானையைத் திறக்கவே கூடாது. திறந்தால் அடைபட்ட வாயு வெளியே பாய்ந்து தெருவே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இன்னொன்று, பானையும் மருந்தும் ஒரே வீட்டில் இருந்தால் பானைக்குக் கோபம் வரும். வீட்டில் மருந்து இருந்தால் அதையும் பானைக்குள்ளேயே போட்டு மூடிவிட வேண்டும்.

வரிசையின் முன்னால், பெரிய சைஸ் பானையை இடுப்புக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு நின்றவர் தையல்காரர். சட்டைக் கழுத்து வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் யாராவது கொஞ்சம் அழுத்திச் சொன்னால் எதையும் நம்பிவிடுவார். அவர் மனைவிக்கு மூச்சிளைப்பு. புகைபோக்கி கருப்பாகக் கக்கும் நாளில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றுக்குத் தவிப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. அந்தப் பயம்தான் ஓரம் அடிக்கும் மெஷினை விற்றுப் பெரிய சைஸ் வாங்க வைத்தது. அவளுடைய இன்ஹேலரையும் உள்ளே போட்டு மெழுகு வைத்துவிட்டார்.

மனைவியின் தம்பி சோடாக் கடைக்காரர். கை சோடா ஊற்றும், வாய் சும்மா இருக்காது. விஷயம் தெரிந்ததும் புது இன்ஹேலர் ஒன்று வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். தையல்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஐயாவிடம் போய் இன்னொரு சின்னப் பானை வாங்கி, அதையும் உள்ளே போட்டு மெழுகு வைத்துவிட்டு வந்தார்! இது முந்தாநாள் நடந்தது; அன்று தையல் கடையில் ஒரே ரகளை.

"ஏன் மாமா, ஒரு பட்டன் வைக்கிறதுக்கு நாலு தடவை அளந்து பார்க்குற ஆளு நீங்க. பானையில புகை இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, ஒரு தடவை எட்டிப் பார்க்க மாட்டீங்களா?"

"திறக்கக் கூடாது மாப்ளே. தெருவே செத்துடும்."

"யாராவது திறந்து, யாராவது செத்தாங்களா?"

"யாருமே திறக்கலையே! அதனாலதான் யாரும் சாகலை."

சோடாக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தையல்காரர் விடவில்லை.

"சரி, போன வாரம் ஐயா கொடி ஏத்துனதும் புகை நின்னுச்சா இல்லையா? நீயும்தானே வாயைப் பொளந்து பார்த்தே?"

நின்றது உண்மைதான். ஐயா மேடையில் சிவப்புக் கொடியை உயர்த்தியதும், கருகருவென்று போய்க்கொண்டிருந்த புகை கொஞ்ச நேரத்தில் மெலிந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. ஊரே பார்த்தது. கூட்டம் முடிந்து கொடி இறங்கியதும் மறுபடி வந்தது. கேட்டதற்கு, "அது புதுப் புகை, அதுக்குப் புதுப் பானை வேணும்" என்றார் ஐயா.

மூலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போடுறீங்க, சந்தோஷம். மூச்சு விடப்போறது நானாச்சே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஏங்க, முதல்ல அந்த இன்ஹேலரை வெளிய எடுங்க."

"ஐயா கோவிச்சுக்குவாரும்மா..."

"இளைப்பு ஐயாவுக்கா எனக்கா?"

தையல்காரர் பானையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு தைக்க உட்கார்ந்துவிட்டார். தைத்துக்கொண்டிருந்தது ஐயாவுக்கான புதுக் கொடி. கூலி வாங்காமல் செய்கிற வேலை. சாம்பல் நிறத்தில் ஜரிகை வைத்துத் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு ஐயா பதறிவிட்டார். "ஐயையோ, சாம்பல் கலர் தூரத்துல இருந்து பார்த்தா தெரியாதுப்பா. நல்ல சிவப்பு. பழசைவிட ரெண்டு மடங்கு பெருசா இருக்கட்டும்." யாருக்குத் தெரியணும் ஐயா என்று இவர் கேட்க, "காத்துக்கு!" என்றார் அவர். காற்றுக்கும் கண் இருக்கும்போல என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

அந்தக் கொடிதான் இப்போது மைதானத்து மேடையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்று பெரும்பிடிப்பு. ஊரின் மொத்தப் புகையையும் ஒரே மூச்சில் கட்டிவிடப் போகிறாராம். நோயாளிகள் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. தையல்காரர் மனைவி மேடைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே சோடாக்காரர் வண்டியை நிறுத்தி, நல்ல வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பாதவனுக்கும் பிழைப்பு இருக்கிறதே!

புகைபோக்கி என்றைக்கும் இல்லாத ஆவேசத்தோடு கக்கியது. காற்று மைதானத்துப் பக்கம் திரும்பியது. மனைவியின் தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்க ஆரம்பித்தன. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. உதடு வெளுத்தது.

"ஐயா! சீக்கிரம் கொடியை ஏத்துங்கய்யா! இவளால முடியலை!" தையல்காரர் மேடையைப் பார்த்துக் கதறினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. மின்நிலைய மேலாளர் இன்னும் வரலை. அவரு வந்து பொன்னாடை போர்த்தணும்."

மனைவியின் கை தையல்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. பேச மூச்சில்லை, கண்ணால் பானையைக் காட்டினாள்.

"உடைக்கப் போறேன்," என்றார் தையல்காரர்.

"டேய்! உடைச்சா ஊரே சாகும்டா!" என்று மேடையிலிருந்து அலறினார் ஐயா.

தையல்காரர் பானையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கித் தரையில் அடித்தார்.

அடடா, அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மைதானம் நாலு பக்கமும் சிதறியது. ஓட முடியாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். மளிகைக்காரர் வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டார். மானத்தை மூட மறந்துவிட்டார். தையல்காரர் மட்டும் ஓட்டாஞ்சில்லுக்கு நடுவே மண்டியிட்டு இன்ஹேலரைத் தேடி எடுத்து, மனைவியின் வாயில் வைத்து அழுத்தினார். ஒருமுறை. இன்னொருமுறை. விசில் சத்தம் மெல்ல அடங்கியது. அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மூக்கைப் பிடித்திருந்தவர்களும் எவ்வளவு நேரம்தான் பிடிப்பார்கள்? ஒவ்வொருவராக விட்டார்கள். யாரும் சாகவில்லை. அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

சோடாக்காரர் மேடைக்கு ஏறினார். "ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஊரே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுச்சு. நீங்க மட்டும் ஏன் நின்ன இடத்தை விட்டு நகரலை?"

ஐயா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். "அது... அது அரைப் பானை. இன்னும் நிறையலை. எனக்குத் தெரியும்."

"அப்ப நிறைஞ்சது இதெல்லாம்தானே?" மேடையின் ஓரத்தில் திருப்பிக் கொடுத்த பானைகள் அடுக்கியிருந்தன. சோடாக்காரர் ஒன்றைக் கையில் எடுத்தார். "எல்லாரும் கவனிங்க. கரியமிலவாயு எங்க இருக்கோ அங்க நெருப்பு நிக்காது. என் சோடாவுல இருக்கிறதும் அதே வாயுதான்." ஒரு சொம்பில் சோடாவைப் பாதி ஊற்றிக் குலுக்கினார். நுரை அடங்கியதும் தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே இறக்கினார். சட்டென்று அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

பிறகு நிறைந்த பானையின் மெழுகைப் பெயர்த்து, புதுக் குச்சியைக் கொளுத்தி உள்ளே விட்டார். குச்சி சுடர்விட்டு நிம்மதியாக எரிந்தது. விரல் சுடுகிற வரை எரிந்தது. அடுத்த பானையிலும் எரிந்தது. மளிகைக்காரர் தன் பானையைத் தானே தேடியெடுத்துத் திறந்து பார்த்தார், அதிலும் எரிந்தது.

"பாவிகளா," என்றார் சோடாக்காரர், "என் சோடா பாட்டில்ல அடைச்ச வாயுகூட இந்த ஊர்ப் பானை மொத்தத்துலயும் இல்லையேடா!"

ஐயா லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார். "மக்களே! பானை பொய்யா இருக்கலாம். அதோ அந்தப் புகைபோக்கி பொய் சொல்லுமா? என் சொல்லுக்குப் புகை நின்னதை நீங்க கண்ணால பார்க்கலையா?"

கூட்டம் முணுமுணுத்தது. பார்த்தோமே என்றது ஒரு குரல். அதானே என்றது இன்னொன்று. ஐயாவின் முகத்தில் மறுபடி களை வந்தது.

தையல்காரரின் கண் கொடியின் மேல் விழுந்தது. தன் கையால் தைத்த கொடி. தூரத்துல இருந்து பார்த்தா தெரியணும். சாம்பல் கலர் வேணாம். காத்துக்கு!

மேடையேறிக் கொடியைப் பிரித்தார்.

"ஏய், தொடாதே! அதுக்கு மந்திரம் சொல்லணும்!" ஐயா பாய்ந்தார். சோடாக்காரர் குறுக்கே நின்றுகொண்டார்.

"எனக்கு ஒரு மந்திரமும் தெரியாதுங்க. அளவு மட்டும்தான் தெரியும்," என்று சொல்லித் தையல்காரர் கொடியை உயரத் தூக்கினார்.

ஊர் தலையைத் திருப்பியது. புகை மெலிந்தது. வெளுத்தது. காணாமல் போனது.

கொடியை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் கருகருவென்று திரும்பி வந்தது. மளிகைக்காரர் ஓடிவந்து கொடியைப் பிடுங்கித் தூக்கினார், நின்றது. பால்காரம்மா தூக்கினாள், அவளுக்கும் நின்றது. ஒரே நாளில் ஊர் முழுக்கப் புகைக்கட்டிகள்! பாவம், மின்நிலையத்து ஜன்னலில் கொடியைப் பார்த்துப் பார்த்து சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்த ஆளுக்குக் கை கடுத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளரின் கார் பொன்னாடையோடு வந்து நின்றது. கூட்டம் வழிவிடவில்லை.

"உள்ளே தூசி வடிகட்டி இருக்குன்னு உங்க ஆளுங்களே என் கடையில சோடா குடிக்கும்போது சொல்லியிருக்காங்க, இல்லையா சார்?" என்றார் சோடாக்காரர். "கரண்டு தின்னுதுன்னு அதை அணைச்சு வெச்சுட்டு, கொடி ஏறுனா மட்டும் போடுறீங்க. அதானே மந்திரம்?"

"அது வந்து... ஒரு சோதனை ஓட்டம்..." என்று மேலாளர் இழுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க," சோடாக்காரர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இப்ப நின்னது கண்ணுக்குத் தெரியுற தூசி மட்டும்தான். கரியமிலவாயு இப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கு. அதைப் பிடிக்க நிஜமாவே பெரிய மெஷின் வேணும், ஆழத்துல பாறை வேணும், அது கசியாம இருக்கான்னு காலமெல்லாம் பார்த்துக்க ஆள் வேணும். பானையில முடியுற வேலை இல்லை."

தையல்காரர் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து மெல்ல மேடைக்கு வந்தாள். கொடியை வாங்கி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியுது. கொடி ஏறுனா மூச்சு விட முடியுது. அப்ப தினமும் மூச்சு விட முடியும். இதை இனிமே யாரும் இறக்காதீங்க."

யாரும் இறக்கவில்லை. கை மாற்றி, ஆள் மாற்றி, கொடி மின்நிலையத்து வாசலுக்குப் போனது. வடிகட்டி இனி அணையாது, வாயுவுக்கும் முறையாக வழி தேடுவோம் என்று மேலாளர் ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிற வரை அங்கேயே நின்றது. அந்தக் களேபரத்தில் ஐயா எந்த வழியாக நழுவினார் என்று தெரியவில்லை. ஹெல்மெட் மட்டும் கிடந்தது. இத்தனை ஊர்ப் புகையைக் கட்டியவர் கடைசியில் மூட்டையைத்தான் கட்டினார்.

தையல்காரர் அன்றே மிஞ்சிய சிவப்புத் துணியில் இன்ஹேலருக்கு ஒரு பை தைத்து, மனைவியின் இடுப்பில் செருகிவிட்டார். "திறந்துதானே இருக்கு?" என்று அவள் கேட்டாள். "மூடியே வைக்கலை," என்றார் அவர்.

ஐயா இந்நேரம் வேறு ஊரில் வேறு நிறத்தில் கொடி தைக்கக் கொடுத்திருப்பார். அங்கேயும் பானையோடு வரிசை நிற்கும். ஆகையால் அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மெழுகு வைத்த பானை ஏதாவது இருந்தால், பயப்படாமல் உடையுங்கள். உள்ளே புகை இருக்காது; நீங்கள் போட்டு மூடிய உங்கள் மூளை இருக்கும். எடுத்து, தூசி தட்டி, இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள்.